ஐந்தாம் நாளை அழித்த மாப்பிள்ளை

இரண்டு நாள் கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பியவனை விட ஆபத்தான பிராணி புதுச்சேரியை அடுத்த பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் கிடையாது. பாம்புகூட மிதித்தால்தான் கடிக்கும். இவன் யாரும் கேட்காமலே விளக்கம் சொல்வான். நான் அப்படிப்பட்ட பிராணியாகத் திரிந்த காலத்துக் கதை இது.

ஊர் நடப்புகளைத் தேதியோடு சேர்த்துவைப்பது என் பழக்கம். ஏரி எந்தக் கிழமை நிரம்பி வழிந்தது, எந்தப் புயலில் எவர் வீட்டுக் கூரை போனது என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். பந்தியில் ஒருவர் "போன ஐப்பசியில..." என்று ஆரம்பித்தால், "கார்த்திகை" என்று திருத்திவிட்டு ரசம் கேட்பேன். (இந்த நிகழ்ச்சியின் தேதி மட்டும் இந்தக் கட்டுரையில் வராது. தெரியாமல் இல்லை. எழுதக் கை வரவில்லை.)

பிழைப்புக்குப் புதுச்சேரி நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனி. கிளவுடில் டேட்டாபேஸ் கிளஸ்டர்களைக் கவனித்துக்கொள்ளும் நிபுணர்களுக்கு அடுத்த மேசையில் எனக்கு இடம். அடுத்த மேசையில் உட்கார்ந்தாலே அறிவு ஒட்டிக்கொள்ளும் என்று அன்றைக்கு நம்பினேன். ஜலதோஷம்தான் அப்படி ஒட்டும் என்பது பிறகு புரிந்தது.

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடியில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அலங்காரமும் பிரசாதமும் அவர்கள் பொறுப்பு; பதிலுக்கு முதல் பரிவட்டமும் தேங்காய் மூடியும் அவர்களுக்கு. ஐந்தாம் நாள் யாருடையது என்பதில் மட்டும் வழக்கு. என் மாமனாரும் தாய்மாமனுமான ஏழுமலை தன் அப்பா காலத்திலிருந்து தங்களுடையது என்பார். கலியபெருமாள் தன் தாத்தா காலத்திலிருந்து என்பார். இருவரும் கரும்பு போடுகிறவர்கள்; வயல்களுக்கு நடுவே ஒரே வரப்பு; அதில் எதிரெதிரே வந்தால் இருவருமே இறங்கி வழிவிட மாட்டார்கள்.

கோயிலில் இருந்த பழைய காகிதங்கள் ஒரு புயல் மழையில் கூழாகிவிட்டன. எனக்குக் கேட்க வேண்டுமா? ஊரிலேயே வயதான மூன்று பேரிடம் போய், எந்த நாளை எந்தக் குடும்பம் நடத்தியது என்று கேட்டு, போனில் பதிவுசெய்து, எல்லாவற்றையும் நாள்வாரியாகப் பிரித்துக் கிளவுடில் ஏற்றினேன். ஒரு சர்வர் போதும் என்றால் நான் எதற்கு? மூன்று சர்வர்கள் கொண்ட கிளஸ்டராகவே அமைத்தேன். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டிலும் தானாகப் பதியும். ஒன்று செத்தாலும் இரண்டு நிற்கும்.

அமைக்கும்போது அந்தக் கிளவுட் தளம் பணிவாகக் கேட்டது: தனியாக ஒரு காப்பு நகல் எடுத்து வைக்கட்டுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று இடத்தில் இருப்பதற்கு நான்காவதாக ஒரு நகலா? எந்த முட்டாளுக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். போனில் இடம் போதவில்லை என்று குரல் பதிவுகளையும் அழித்தேன். அதுதான் கிளவுடில் இருக்கிறதே!

ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் கூட்டம். டியூஷன் சென்டரிலிருந்து இரவல் வாங்கிய புரொஜெக்டர் சுவரில் வெளிச்சம் அடித்தது. நான் கிளஸ்டரைப் பற்றி முன்னுரை ஆற்றினேன். விழாக் குழுத் தலைவர் வேலாயுதம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"அதெல்லாம் சரிப்பா. அஞ்சாம் நாளு யாருதுன்னு கீது? அத்த சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஒரே அழுத்தில் திரையில் வந்திருக்கும். அதற்குள் கலியபெருமாள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இரு இரு. நீ ஏழுமலை மருமவன். வூட்டுல குந்திகினு ஒரு தட்டு தட்டி எங்க பேர அழிச்சிட்டன்னா நாங்க இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. அதற்கு ஆயிரம் அடக்கமான பதில்கள் உண்டு. நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.)

"அழிக்கவே முடியாதுங்க. இப்ப உங்க கண்ணு முன்னாடியே அழிக்கறேன். மத்த ரெண்டுலயும் அப்படியே இருக்கும், பாருங்க."

"வேணாம்டா மாப்ள," என்றார் மாமா. "பேரப் படிச்சிட்டு எறங்கு."

சான்றிதழ் வாங்கியவன் கேட்பானா? ஒரு வரியை அழித்துக் காட்டினாலே போதும். சபைக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று குரல் பதிவுகளோடு ஐந்தாம் நாள் முழுவதையும் தேர்ந்தெடுத்தேன். தளம் மறுபடியும் பணிவாகத் தடுத்தது: உறுதியாக அழிக்க வேண்டுமென்றால் அதன் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லியே தட்டினேன். அழிந்தது.

"இப்போ ரெண்டாவது சர்வர்," என்று திறந்தேன். காலி. கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். மூன்றாவதைத் திறந்தேன். அதுவும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

எழுதியது மூன்று இடத்திலும் பதியும் என்றால், அழித்ததும் மூன்று இடத்திலும்தானே அழியும்! இந்தச் சிறு கணக்கு அத்தனை பேர் முன்னால் நின்ற பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

"மூணுலயும் ஒரே மாரி கீதே," என்றார் கலியபெருமாள், மிகுந்த மரியாதையுடன். "மெஷினு நல்லாதாம்பா வேல செய்யுது."

மண்டபம் சிரித்து அடங்க வெகு நேரம் ஆனது. மாமா சிரிக்கவில்லை.

"அதுல யாரு பேருடா இருந்துச்சு?"

"உங்க குடும்பத்துப் பேருதான் மாமா. மூணு பெரியவங்களும் அதத்தான் சொன்னாங்க. எனக்கு நல்லா நெனவு இருக்கு."

கலியபெருமாள் பக்கத்திலிருந்து மறுபடியும் சிரிப்பு. ஏழுமலை மருமகனின் நினைவை ஏழுமலைக்குச் சாதகமாக எந்த ஊர் ஒப்புக்கொள்ளும்? பெரியவர்களைக் கூப்பிடலாம் என்றால் இருவர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாமவர் யார் டீ வாங்கித் தருகிறாரோ அவர் பக்கம் பேசுவார்.

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பொண்ணையும் குடுத்தேன். அஞ்சாம் நாளையும் குடுத்துட்டேன். இன்னும் இன்னாடா வேணும்?"

தளத்தின் உதவிப் பிரிவுக்குக் கெஞ்சி எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. என் கட்டளை மூன்று சர்வர்களிலும் வெற்றிகரமாக நிறைவேறியிருக்கிறதாம். வேறு உதவி தேவையா என்றும் கேட்டிருந்தார்கள்.

கடைசியில் அம்மன் சன்னிதியில் பூக் கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஏழுமலைக்கு, சிவப்பு கலியபெருமாளுக்கு என்று இரண்டு பொட்டலம். ஒன்றை எடுக்கச் சொல்லி விட்ட குழந்தையின் கையில் வந்தது சிவப்பு. ஐந்தாம் நாள் அன்றோடு வரப்பைத் தாண்டிப் போய்விட்டது.

கலியபெருமாள் நன்றி மறக்காதவர். ஆண்டுதோறும் ஐந்தாம் நாள் பரிவட்டம் கட்டிக்கொண்டதும் மைக்கைப் பிடித்துவிடுவார். "ஏழுமலை மருமவன் எங்கபா? அவருக்கும் ஒரு மூடி குடுங்க. அவரு இல்லன்னா இந்த நாளு நமக்கு ஏது?" ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். போகாவிட்டால் மறுபடியும் கூப்பிடுவார் என்பதால் போய் வாங்கிக்கொள்வேன்.

அந்தத் தேங்காயில் என் மனைவி செல்வி சட்னி அரைப்பாள். முதல் வருஷம் மாமா அதைத் தொடவில்லை. இட்லியை வெறுமனே விழுங்கிவிட்டு எழுந்து போனார். அடுத்த வருஷம் செல்வி என்னைப் பார்த்துக்கொண்டே சட்னியை மூன்று கிண்ணங்களில் ஊற்றி அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். "சாப்புடுப்பா. ஒண்ணு போனாலும் ரெண்டு இருக்கும்."

மாமா சட்னியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வீட்டில் அன்றிலிருந்து அதுவே சம்பிரதாயம். ஒவ்வொரு ஆடியிலும் அவர் ஒரு கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவார். பிறகு மற்ற இரண்டையும் நிதானமாகக் காலி செய்வார். கையைக் கழுவாமலே என் பக்கம் திரும்புவார்.

"இன்னாடா மாப்ள, மூணுலயும் ஒரே மாரி கீது?"