நாற்பத்தைந்து தெரிகிறது, டாக்டர்!

என் மகள் பைலட் ஆகக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு முடிவெடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அது. அதனால்தான் மணிகூட நினைவிருக்கிறது.

பதினோராம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம். கூப்பிட்ட பாவம், பறக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். பிசிக்ஸும் கணக்கும் விழுந்து விழுந்து படிக்கிறாள். மாடியில் நின்று மேகங்களுக்குப் பெயர் சொல்கிறாள். துணி காயுமா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. கம்ப்யூட்டரில் தினம் நாலு விமானம் இறக்குகிறாள். அன்று காலை பள்ளியிலிருந்து வந்த படிவத்தை என் காபிக்குப் பக்கத்தில் இறக்கினாள். சனிக்கிழமைதோறும் விமானப் பயிற்சி கிளப்பில் வகுப்பு. கடைசி வாரம் நிஜ விமானத்தில், ஆசிரியர் பக்கத்தில், அரை மணி நேரம். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. ஓரம் அடித்த மாதிரி நேரான எழுத்து. என் மனைவி தையல்காரி.

நான் பெயிண்ட் கடை மேனேஜர். மேல்தட்டு டின்னை எடுக்க ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். முப்பதாயிரம் அடி உயரத்தில் என் குருவி உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். பயம் என்று வெளியே சொல்ல முடியுமா? கத்தினேன்.

“பைலட்டாம் பைலட்! அந்த ஆசையை ஒரு ஃபைல்ல போட்டுப் பூட்டு!”

“சாவி யார்கிட்ட இருக்கும்?” என்றாள் மனைவி, மிஷினை நிறுத்தாமல்.

“என்கிட்டதான்!”

“வீட்டுச் சாவியையே வாரத்துக்கு ரெண்டு தடவை தொலைக்கறீங்க.”

நேர்வழி அடைபட்டது. குறுக்கு வழியை எங்கள் கடையில் கலர் கலக்கும் மிஷின்காரர் காட்டினார். “பைலட்டுக்குக் கண்ணுதான் சார் முக்கியம். கலர் மாத்தித் தெரிஞ்சா ஆரம்பத்துலயே வெளியே அனுப்பிடுவாங்க.” சொல்லிவிட்டு என்னை ஏனோ ஒரு மாதிரி பார்த்தார்.

எனக்குள் விளக்கு எரிந்தது. குருவிக்குக் கலர் தெரியாது! எங்கள் ஹால் சுவருக்கு நானே கடையிலிருந்து சாம்பல் நிறம் கொண்டுவந்து அடித்தேன். அதைப் பிறந்ததிலிருந்து ‘ரோஸ் சுவர்’ என்கிறாள். போன பிறந்தநாளுக்குப் பச்சைச் சட்டை என்று சொல்லி எனக்கு ஒரு பழுப்புச் சட்டை கொடுத்தாள். அவள் அம்மாவும் அப்படித்தான். பரம்பரைக் கோளாறு. பாவம், இரண்டு பேருக்கும் தெரியவே தெரியாது.

அன்று மாலை முகத்தில் பெருந்தன்மையைப் பூசிக்கொண்டு பேசினேன்.

“கண்ணு டாக்டர்கிட்ட போவோம். கலர் டெஸ்ட்ல தேறிட்டாள்னா நானே கையெழுத்துப் போடறேன். தேறலைன்னா இந்த வீட்டுல விமானம்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

“டாக்டர் சொன்னா ஒத்துக்குவீங்களா?”

“அப்பீலே கிடையாது.”

“நாளைக்கே நேரம் வாங்கிடறேன்” என்றாள் மனைவி. இத்தனை சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கண் டாக்டர் நடுத்தர வயது அம்மா. மேஜைமேல் புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்ட ஒரு புத்தகம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்குமாம். குருவி உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

முதல் பக்கம். “பன்னெண்டு” என்றாள். சரிதான்.

இரண்டாம் பக்கம். “எட்டு.” எனக்குச் சிரிப்பு வந்தது. பளிச்சென்று மூன்று!

அடுத்தது. “இருபத்தொம்பது.” எழுபதைப் போய் இருபத்தொன்பது என்கிறாள். அதற்கடுத்து, “எழுபத்து நாலு.” அடி அசடே, இருபத்தொன்று! விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். மூன்று தப்பு. நான்கு. ஐந்து. குழந்தைமேல் இரக்கமாகக்கூட இருந்தது. ஜெயிக்கிறவனுக்குத்தானே இரக்கம் வரும்!

டாக்டர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். குருவி உற்றுப் பார்த்தாள்.

“இதுல ஒண்ணுமே இல்ல டாக்டர்.”

என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஒண்ணுமே இல்லையா? இவ்வளவு பெரிசா நாப்பத்தஞ்சு இருக்கு! சுவத்துல எழுதி வச்ச மாதிரி தெரியுது டாக்டர்!”

டாக்டர் பேனாவை வைத்தார். மனைவி பெருமூச்சு விட்டாள். நெடுநாள் காத்திருந்து விடும் மூச்சு.

“நாப்பத்தஞ்சு தெரியுதா உங்களுக்கு?”

“பளிச்சுனு!”

“இந்தப் பக்கம் சரியான கண்ணுக்கு வெறும் புள்ளிதான். சிவப்பு, பச்சை குழம்பற கண்ணுக்குத்தான் நாப்பத்தஞ்சு தெரியும். நீ எழுந்திரும்மா. சார், நீங்க உட்காருங்க.”

“டெஸ்ட் அவளுக்கு டாக்டர்!”

“அவளுக்குப் போன வருஷமே பார்த்தாச்சே. அருமையான கண்ணு. இன்னிக்கு உங்களுக்குன்னுதான் வீட்டம்மா நேரம் வாங்கினாங்க. அவளை உட்கார வச்சது உங்களை எட்டிப் பார்க்க வைக்கத்தான்.” சீட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயர். என் வயது. ‘நிறக் குழப்பம், நெடுநாளாக’ என்று குறிப்பு வேறு.

புத்தகம் முழுக்கப் பார்த்தேன். பன்னிரண்டைத் தவிர எதிலும் தேறவில்லை.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

நான் கூரையைப் பார்த்தேன். மனைவி சொன்னாள், கடைப் பெயரோடு.

டாக்டர் மெல்ல அறையைச் சுற்றிப் பார்த்தார். “ஓ, அந்தக் கடையா? இந்தச் சுவத்துக்கு நான் சாம்பல் கேட்டேன். மேனேஜர் தானே பார்த்து எடுத்துக் கொடுத்தார்னு பெயிண்டர் சொன்னான். வர்றவங்கெல்லாம் இதைக் குழந்தை ஆஸ்பத்திரியான்னு கேட்கறாங்க.”

மகள் விமானம் ஏறுவதற்கு முன்பே என் மானம் கப்பல் ஏறிவிட்டது.

மனைவி கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். அப்பீல் கிடையாது என்று சொன்னவன் நான்தானே. பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். குருவி குனிந்து காதருகில் கேட்டாள்.

“பயமா இருக்காப்பா?”

“யாருக்கு? எனக்கா? பேனா சரியில்ல.”

“நீங்க மேலே வர வேணாம்ப்பா. கீழே நின்னு கையை ஆட்டுங்க, போதும். நான் வர்றது சிவப்பு விமானம்.”

“நம்பரைச் சொல்லுடி அவருக்கு” என்றாள் மனைவி.

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் குருவி படிவத்தோடு முன்னால் ஓடினாள். நானும் மனைவியும் பின்னால் நடந்தோம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி, முதல் தடவை பேசின அன்னிக்கே. பச்சை டிரெஸ் போட்டிருந்தேன். பழுப்பு உனக்கு ரொம்ப எடுப்பா இருக்குன்னீங்க.”

என் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. “தெரிஞ்சும் என்னையே கட்டிக்கிட்டியா?”

“என்ன பண்றது? என்னைக் கேட்டு வந்த நாலு பேர்ல, என்ன கோளாறுன்னு முன்கூட்டியே தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தான்.”