முற்றிவிட்டதா என்று பார்ப்பவர்

பட்டாணிப் பந்தலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஓர் இனம் வாழ்கிறது. திருட்டு இனம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும். முற்றிவிட்டதா என்று பார்க்கிற இனம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து எல்வுட்டைப் பாருங்கள். பனி உருகிச் சேறானதுமே முழங்கால் புதைய விதை ஊன்றி, பிர்ச் மரக் குச்சிகளை நட்டுக் கொடியேற்றி, பூ விட்ட நாளை ஊரெல்லாம் சொல்லி, காய் திரண்டதிலிருந்து காலையில் ஒருமுறை, காப்பி குடித்த பிறகு ஒருமுறை, நாய்க்குக் காற்று வாங்க வேண்டும் என்று ஒருமுறை அவர் பந்தலுக்குப் போவதென்ன, பார்ப்பதென்ன! கண்ணாலா பார்க்கிறார்? வாயால்.

ஜூலை நான்கு. சுதந்திர தினம். அன்று சால்மன் மீனுக்குப் பக்கத்தில் சொந்தத் தோட்டத்துப் பட்டாணி இல்லாவிட்டால் அந்த ஊரில் தலை நிமிர முடியாது. போன வருஷம் மனைவியின் தங்கை மார்சியா தன் வீட்டில் மலைபோல் குவித்தாள். இந்த வருஷம் விருந்து எல்வுட் வீட்டில். அவர் மனைவி டோரிஸ், அதைவிட அதிகம் குவிப்பேன் என்று தேவாலய வாசலிலேயே சவால் விட்டாயிற்று.

பறிக்கப் போன எல்வுட் திரும்பினார். கூடையின் அடி தெரிந்தது.

"முயலு, டோரிஸ். பாழாப்போன முயலு!"

மார்சியா பந்தலடியைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏன் அத்தான், உங்க ஊரு முயலு தோலை நடுவுல பிளந்து, நாரெடுத்து, உரிச்சா சாப்பிடுது?"

டோரிஸுக்கு முகம் சிவக்கவே இல்லை. "இந்த மனுஷனைத் தெரியாதா? நேத்தே அந்தக் கோடியில பறிச்சு, உரிச்சு, ஒளிச்சு வச்சிட்டேன்" என்று பெருமையோடு போய்ப் பெரிய பாத்திரத்தைத் தூக்கி வந்து மூடியைத் திறந்தாள்.

பாதிப் பாத்திரம்.

எல்வுட் அவளைப் பார்த்தார். அவள் சால்மனைப் பார்த்தாள்.

"உரிக்கறப்போ... பூச்சி இருக்கான்னு பாக்க வேணாமா?"

"முயலு வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு!" என்றார் எல்வுட், பரம சந்தோஷத்துடன். மார்சியா சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. ஆளுக்கு இரண்டு கரண்டி கிடைத்தது. சவாலில் தோற்றதுதான். ஆனால் அப்படி ஒரு விருந்தை அந்த வீடு கண்டதில்லை.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? நல்லது. அடுத்த தடவை பட்டாணி உரித்து முடித்ததும் மடியில் கிடக்கும் தோலை ஒரு பார்வை, கிண்ணத்தை ஒரு பார்வை பாருங்கள். உங்கள் வீட்டில் முயல் உண்டா?