காலைக் கட்டாத கிடா

சட்டம் என்றால் எனக்கு லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. அவ்வளவுதான். லோடு வண்டி ஓட்டுகிறவனுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. ஆட்டுக்கும் சட்டம் உண்டு என்பது என் தங்கச்சி மகளுக்குக் காது குத்தின அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் பாதிதான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருந்தால்கூட அவ்வளவு கெட்டிருக்காது.

நாங்கள் மண்ணூர்பேட்டை. அப்பா காலத்தில் வயல் வேலை. பிறகு வயலெல்லாம் கம்பெனி ஆனது, நாங்களும் கம்பெனி ஆட்கள் ஆனோம். எனக்கு மட்டும் படிப்பும் ஏறவில்லை, ஷிப்டும் ஒத்துவரவில்லை. சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கி ஓட்டுகிறேன் (குட்டியானை என்றால் எல்லோருக்கும் தெரியும்). தங்கச்சி செல்வி படித்தாள். ஐ.டி. கம்பெனியில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் மதுரைப் பக்கம். இங்கே அயனம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கி வந்தவர்கள்.

செல்வியின் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் "எங்க பக்கமெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்பார். பேத்திக்குக் காதுகுத்து என்றதும் ஆரம்பித்தார்.

"எங்க பக்கமெல்லாம் தாய்மாமன் சீர் வரிசையோட கிடா கொண்டாருவாரு. ஒங்க பக்கம் எப்படியோ."

எங்கள் பக்கம் தாய்மாமன் கம்மல் கொண்டு போவான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வான். சாப்பிட்டுவிட்டு வருவான். செல்வி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்க அண்ணன் வண்டி நெறைய சீர் எடுத்துகினு வரும் அத்தை. கிடாவும் வரும்" என்று சொல்லிவிட்டாள். பிறகு எனக்கு ஃபோன் செய்து அழுதாள்.

"கல்யாணத்துலருந்து அந்தம்மா முன்னாடி என்னால தலை நிமிர முடிலண்ணா. இந்த ஒரு வாட்டி மானத்தக் காப்பாத்து."

"சரி" என்றேன். நான் பேசுவது அவ்வளவுதான்.

காதுகுத்து அன்று காலை வண்டியின் பின்னால் சீர்த்தட்டுகளை அடுக்கினேன். வாழைத்தார், பழக்கூடை, மாலை, பட்டுப்பாவாடை. தட்டுகளுக்கு நடுவே சொந்தக்காரர்கள். பூந்தமல்லிப் பக்கம் சந்தையில் கிடா வாங்கி ஏற்றிக்கொண்டு அப்படியே அயனம்பாக்கம் மண்டபத்துக்குப் போவதாகத் திட்டம். முதலில் ஆட்டை வாங்கி அங்கே விட்டுவிட்டுப் பிறகு ஆட்களைக் கூட்டிப் போயிருக்கலாம். ஒரே நடையில் முடித்தால் டீசல் மிச்சம் என்று நினைத்தேன். (அந்த நாளில் நான் போட்ட ஒரே கணக்கு அது.)

சந்தையில் கருப்புக் கிடா ஒன்றைப் பிடித்தேன். எனக்கு ஆடு பார்க்கத் தெரியாது. கொம்பு நன்றாக இருந்தது, வாங்கிவிட்டேன். ஏற்றும்போது வியாபாரி என் கையில் இருந்த தார்ப்பாய்க் கயிற்றைப் பார்த்தான்.

"காலைக் கட்டாத அண்ணாத்தே. நிக்க வெச்சு இட்டுகினு போ. வழில புடிப்பாங்க."

"ஆட்ட யாருப்பா புடிக்கப் போறாங்க?"

"ஆட்ட இல்ல. உன்ன."

நான் காதில் வாங்கவில்லை. நிற்க வைக்க வண்டியில் இடமும் இல்லை. நாலு காலையும் சேர்த்துக் கட்டிக் கீழே கிடத்தினேன். மேலே பழக்கூடை. பக்கத்தில் சரசு சித்தி. சித்திக்குக் காலை நீட்ட இடம் இல்லை. ஆட்டின் மேல் நீட்டிக்கொண்டது. மூக்கை மூடிக்கொண்டு வேறு வந்தது. "சீ, நாத்தம். நம்ம ஊட்ல இதெல்லாம் பழக்கமே கெடையாது."

வேலப்பன்சாவடியில் ஒரு பெண் எஸ்.ஐ. கையைக் காட்டினார். நிறுத்தினேன்.

"வண்டில என்ன?"

"சீர் மேடம். தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து."

"சீர் கத்துதா?"

"ஆடு மேடம்."

பின்னால் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆட்டு மேல யாரு?"

"சித்தி."

சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேல குந்தலம்மா. காலத்தான் வெச்சிகினு கீறேன்."

எஸ்.ஐ. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார். ஆட்டைக் காலைக் கட்டி ஏற்றக் கூடாது. அது நிற்க, படுக்க இடம் வேண்டும். கீழே வைக்கோல் வேண்டும். மேலே சாமான் வைக்கக் கூடாது. பார்த்துக்கொள்ள ஆள் ஒருத்தர் வேண்டும். விற்கிறதானாலும் வெட்டுகிறதானாலும் உயிரோடு இருக்கிறவரை அதற்குச் சட்டம் உண்டு.

சித்தி கேட்டது. "ஆட்டுக்கு எடம் வோணுமாம். நாங்க மட்டும் இன்னா மூட்டையா? எங்களுக்கு எடம் வோணாமா?"

"உங்களுக்கு இடமே கிடையாதும்மா. இது சரக்கு வண்டி. ஆடு போலாம். நீங்க போகக் கூடாது."

சித்திக்கு இது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"அப்ப அது போவும். நான் எறங்கணும்."

"ஆமா."

"இன்னா நைனா, நீ கேட்டுகினு சும்மா கீற?" என்று என்னிடம் திரும்பியது. நான் தரையைப் பார்த்தேன்.

எஸ்.ஐ. என்னிடம் சொன்னார். "கேஸ் போட்டா வண்டியும் ஆடும் இங்கதான் நிக்கும். என்ன செய்யலாம்?"

"பத்தரைக்குள்ள காது குத்தணும் மேடம். தங்கச்சி மாமியா ஊட்டாளுங்க காத்துகினு இருப்பாங்க. கிடா போகலன்னா அதுக்குத் தலை நிமிராது."

அவர் கொஞ்சம் யோசித்தார். கேஸ் போடவில்லை. ஆட்களையும் தட்டுகளையும் இறக்கச் சொன்னார். பழக்கடையில் இருந்து வைக்கோல் வாங்கி வரச் சொன்னார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். கிடா எழுந்து நின்றது, ஒரு தரம் உடம்பை உதறியது. பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தது.

"இனிமே கட்டக் கூடாது. புரிஞ்சுதா?" என்றார் எஸ்.ஐ.

"புரிஞ்சுது மேடம்."

(புரியவில்லை. அது பிறகு.)

"ஆடு பழக்கம் யாருக்கு இருக்கு? ஒருத்தர் கூடப் போங்க."

அதுவரை ஆட்டையே பார்த்திராத குடும்பம் கையைத் தூக்கியது. நடைபாதையில் தட்டோடு நிற்க யாருக்கும் பிடிக்கவில்லை. மாமா ஒருத்தர் தன்னிடம் பத்து ஆடு இருந்ததாகச் சொன்னார். அவரிடம் பூனைகூட இருந்ததில்லை. சித்தி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"நான் பொறந்ததே ஆட்டுக் கொட்டாலதாம்மா."

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. "ஏறுங்க. டிரைவர் பக்கத்துல உக்காந்து திரும்பிப் பார்த்துட்டே போங்க" என்றார்.

மற்றவர்கள் தட்டுகளோடு ஷேர் ஆட்டோ பிடிக்க நின்றார்கள். நாங்கள் கிளம்பினோம். கிடா பின்னால் தனியாக நின்று, முன்னங்காலைப் பக்கப் பலகை மேல் வைத்து, ஓட்டு கேட்க வந்த ஆள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தது. வானகரம் சிக்னலில் ஒரு பையன் அதற்குக் கையசைத்தான்.

மண்டப வாசலில் மாமியார் வீட்டார் ஆரத்தியோடு நின்றார்கள். வண்டியைப் பார்த்ததும் மேளம் தொடங்கியது. செல்வி முகம் மலர்ந்தது. நான் இறங்கிப் பின்பக்கத் தடுப்பைத் திறந்தேன். உள்ளே கிடா. கொஞ்சம் வைக்கோல். வேறொன்றும் இல்லை.

மேளம் தானாக நின்றது.

"சீர் எங்கய்யா?" என்றார் மாமியார்.

"ஷேர் ஆட்டோல வருதும்மா."

"சீர் ஷேர் ஆட்டோல. ஆடு வண்டில."

"ஆமாம்மா. சட்டம்."

செல்வியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். இழுக்க அதில் ஒன்றும் இல்லை.

கிடா தானே குதித்து இறங்கியது. வாசல் வாழைமரத்தில் ஒரு இலையைத் தின்றது. மண்டப மேனேஜர் ஓடி வந்தார். "சார், ஆட்டைக் கட்டுங்க."

"கட்டக் கூடாது."

மாப்பிள்ளையின் சித்தப்பா கயிறு கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"கட்டாதீங்க. கேஸ் ஆயிடும்."

"யோவ், கட்டாம எப்படிய்யா?"

"போலீஸே சொல்லிட்டாங்க. கட்டவே கூடாது."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. படித்தவர்கள் நிறைந்த கூட்டம். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. (சட்டம் தெரிந்தவனைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு பயம்.) கிடா மண்டபத்துக்குள் போயிற்று. சித்தி பின்னாலேயே போயிற்று, "தே, தே" என்றபடி. அது நாயை விரட்டுகிற சத்தம்.

தட்டுகள் ஒரு வழியாக வந்து சேர்ந்தன. வாழைத்தாரில் பாதிப் பழம் ஷேர் ஆட்டோவோடு போய்விட்டது. மாலை நசுங்கியிருந்தது. நேரம் ஆகிறது என்று ஐயர் சத்தம் போட்டார். நான் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். வலது காது சரியாகக் குத்தினார். குழந்தை அழுதது. கூட்டம் கைதட்டியது. இடது காதுக்குச் சந்தனத்தால் பொட்டு வைத்துக் குறி பார்த்தார்.

அந்த நேரத்தில் என் முழங்கையைப் பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். திரும்பினேன். கிடா. வாயில் நசுங்கிய மாலை. இடித்ததில் என் கை ஆடி, மடி ஆடி, குழந்தை ஆடியது. ஊசி இறங்கியது, பொட்டுக்கு மேலே.

குழந்தை வீறிட்டது. ஆசாரி ஊசியைப் பார்த்தார், பிறகு கிடாவைப் பார்த்தார். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமியார் எழுந்து வந்தார். பேத்தியின் காதைப் பார்த்தார். ரத்தத்தைத் துடைத்தார். ஒன்றும் ஆகவில்லை, ஓட்டை மட்டும் கொஞ்சம் மேலே. பிறகு என்னைக் கேட்டார்.

"ஏய்யா, போலீஸு எதைக் கட்டக் கூடாதுன்னு சொன்னாங்க?"

"காலை."

"கழுத்துல ஒரு கயித்தப் போட்டா எந்தச் சட்டம் தடுக்குது?"

யோசித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாகத்தான் யோசித்தேன்.

"எதுவும் இல்லம்மா."

மாமியாருக்கு உதடு துடித்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. உடம்பு குலுங்கியது. செல்வி பயந்து ஓடி வந்து தோளைப் பிடித்தாள். அவர் அவள் மேலே சாய்ந்துகொண்டு, "எங்க பக்கமெல்லாம்..." என்று ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. "எங்க பக்கமெல்லாம் இந்த மாதிரி ஒரு தாய்மாமன் கெடையாதுடி" என்றார். செல்வியும் சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் மானம் போயிற்று. அவள் மானம் நின்றது. எனக்கு அது போதும்.

மறுநாள் ஆடு அறுக்கும் கூடத்துக்குக் கிடாவை நானேதான் கொண்டு போனேன். நிற்க வைத்து, வைக்கோல் போட்டு, கழுத்தில் கயிறு கட்டி. கறி நன்றாக இருந்தது என்றார்கள். நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

இப்போது அந்தக் குழந்தை ஒன்பதாவது படிக்கிறாள். இடது கம்மல் வலதை விட மேலேதான் தொங்கும். வேறு ஓட்டை போடலாம் என்று செல்வி எத்தனையோ முறை கூப்பிட்டாள். அவள் வர மாட்டாள். ஃபோட்டோ என்றால் கம்மல் இரண்டும் சமமாகத் தெரிய தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள். எல்லா ஃபோட்டோவிலும் அப்படித்தான்.

போன மாதம் பள்ளி அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஃபோட்டோகிராஃபர் கேமராவில் இருந்து தலையைத் தூக்கினார்.

"தலையை நேரா வைம்மா. கோணலா இருக்கு."

"தலை நேராதான் அண்ணா இருக்கு" என்றாள். "எங்க மாமாதான் கோணல்."