மெஸ்ஸின் மூன்றாவது அர்த்தம்

வேர்ச்சொல் வியாதிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தால் சாது. காய்கறிக்காரரிடம் மராத்தி, ஆபீசில் இந்தி, வீட்டில் தமிழ் என்று ஒழுங்காகத்தான் இருப்பார். யாராவது தெரியாத்தனமாக ஓர் ஆங்கிலச் சொல்லை வாயிலிருந்து விட்டுவிட்டால் போதும், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், தொண்டையைச் செருமுவார், "அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்தது தெரியுமோ?" என்பார். தெரியாது என்றால் சொல்லுவார். தெரியும் என்றால் இன்னும் நீளமாகச் சொல்லுவார். இவரைக் கண்டால் தெரிந்தவர்களின் ஸ்கூட்டரெல்லாம் சந்துக்குள் திரும்பும்.

இத்தனை விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அடியேன் அனந்தராமன், அந்த இனத்தின் புனே கிளைத் தலைவன்.

1996-இல் எங்கள் ஒரே பையன் ஹர்ஷா கடக்வாஸ்லா பக்கம் ராணுவப் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் தடவையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு மணி நேரம், பார்க்க அனுமதி கிடைத்தது. நானும் என் மனைவி நீலாவும் பஸ் பிடித்துப் போனோம். ஒட்ட வெட்டிய தலையும் கறுத்த முகமுமாக வந்து உட்கார்ந்தான். நீலா கொண்டுபோன முறுக்கைத் தொடவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்டா."

"மெஸ்ல உக்காந்தா சோறே எறங்க மாட்டேங்கறது..."

மெஸ்! விடுவேனா? "அதுக்கு மூணு அர்த்தம்டா. லத்தீன்ல பாத்தேன்னா..." என்று ஆரம்பித்தேன். மேஜையில் கொண்டுவந்து வைக்கிற சாப்பாடு ஒன்று, கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டம் இரண்டு, நடுவில் பிரான்ஸுக்கு வேறு போய்வந்தேன். பையன் தலையைத் தலையை ஆட்டினான். என்ன கவனம், என்ன கவனம் என்று பூரித்துப்போனேன். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது மணி அடித்துவிட்டார்கள். அதைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லையே என்ற துக்கத்தில் நான் முன்னால் நடக்க, அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நீலா அழுதாள்.

"முடியலை, ஆத்துக்கே வந்துடறேன்னு சொல்ல வந்தான். நீங்க விட்டேளா? வாசல்ல வரச்சே என்கிட்ட சொன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் ஒரு மாசம் பாரு, முடியலைன்னா வந்துடு, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்னேன். அப்பதான் சிரிச்சான்."

ஹர்ஷா தங்கிவிட்டான், இன்று பெரிய அதிகாரி. என்னோடு பேசும்போது மட்டும் ஓர் ஆங்கிலச் சொல் கலக்காமல் தமிழிலேயே தேடித் தேடிப் பேசுகிறான். புனேயில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு சுத்தமான தமிழா என்று எல்லோரும் வியக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

அது கிடக்கட்டும். இவ்வளவு நேரம் அந்தப் பிள்ளைக்காகக் கவலைப்பட்டீர்களா, இல்லை அந்த மூன்றாவது அர்த்தம் என்ன என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்ததா? அரித்தது என்றால் வாருங்கள், கிளையில் செயலாளர் பதவி காலியாகத்தான் இருக்கிறது.