E என்றால் இருக்கு

காக்ஸ் டவுன், பெங்களூரு.
16 நவம்பர் 2025, ஞாயிறு, காலை 11.40.
வண்டி நடுரோட்டில் நின்றது: இதுவரை இரண்டு முறை.

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்குத் தேஜஸின் நமஸ்காரம். இங்கே உஷா அக்காவும் நானும் சௌக்கியம். பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நேற்று போனில் நீங்கள் தணிந்தவராகத் தெரியவில்லை.

“நீ கை வெச்சதுலேர்ந்து வண்டி அங்கங்கே நிக்கறதாம். அடுத்த தெருல டிரேவர்னு ஒருத்தன் இருக்கானே, ரொம்ப நாளாக் கேக்கறான், அவன்கிட்டயே குடுத்துடப்போறேன்” என்றீர்கள். என்னைப் பேசவிடாமல் போனையும் வைத்துவிட்டீர்கள். பத்தொன்பது வயதான மோட்டார்சைக்கிள்தான். ஆனால் தினமும் நான் வேலைக்குப் போவது அதில்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆகவே உண்மையை எழுத்திலேயே வைக்கிறேன்.

ஜூலையில் நான் மைசூரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன், ஆகஸ்டில் நீங்கள் கிளம்பினீர்கள். வாசலில் சாவியைக் கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள்? “பெட்ரோல் முள்ளைப் பாத்துக்கோ. E-ன்னா இருக்கு, F-ன்னா ஃபினிஷ்!” அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற மனிதர் கடி ஜோக் அடிக்கிறார் என்று நினைத்தேன். அது ஜோக் இல்லை, வண்டியை ஓட்டும் முறை என்று யார் சொல்லியிருக்க வேண்டும்? மறுவாரமே முள் F-இல் கம்பீரமாக நிற்க, நம்பிப் போனவன் மேம்பாலத்தின் உச்சியில் நின்றேன். பின்னால் அக்கா, பட்டுப்புடவையோடு, முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் பாக்கி. ஆட்டோக்காரர் ஒருவர் “பெட்ரோல் காலினா சார்?” என்று கன்னடத்தில் கேட்டார். காலி என்றேன், காலைக் கொடுத்தார். ஆட்டோவை ஓட்டிக்கொண்டே அந்தக் காலால் பங்க் வரை எங்களைத் தள்ளிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அக்கா அப்போதுதான், “அவர்தான் சொல்லிட்டுப் போனாரேடா!” என்றாள்.

அத்திம்பேர், நான் கருவியியல் படித்தவன். அழுத்தமானி ஒரு கோடு பிசகினால் ஆலையையே நிறுத்தச் சொல்கிறவன். நிறைந்த டேங்கைப் பார்த்து ஒரு முள் காலி என்று சாதிக்கும்போது, சரி, அதன் இஷ்டம் என்று விட்டுவிட முடியுமா? ஆஸ்டின் டவுனில் உங்கள் மெக்கானிக் ஃபிராங்க்ளினைப் போய்க் கேட்டால், “டேங்குக்குள்ள மிதந்து முள்ளை நகர்த்துமே, அது வேற வண்டியோட ஃப்ளோட்டு சார். அன்னிக்கு அதான் கிடைச்சுது, போட்டேன். முள்ளு தலைகீழா காட்டும். மாத்தித் தர்றேன்னேன், உங்க அத்திம்பேர்தான் ‘இருக்கட்டும்ப்பா, வீட்ல பழகிடுச்சு’ன்னாரு” என்கிறார். பழகிடுச்சாம்! எட்டு வருஷமாக ஒரு குடும்பம் கருவியைத் திருத்தாமல் தன் மூளையைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறது!

டேங்கை நானே இறக்கினேன், சரியான ஃப்ளோட்டைப் போட்டேன். உலகத்து வண்டிகளையெல்லாம் போல இதிலும் E என்றால் காலி, F என்றால் நிறைவு. வியாழக்கிழமை அக்கா என்னைக் கேட்காமல் வண்டியை எடுத்தாள், முள் E-இல் இருப்பதைப் பார்த்தாள், இருக்கு என்று கிளம்பினாள், சிக்னலில் நின்றாள். தள்ளிக்கொண்டு வந்தவள் கேட்ட கேள்வி: “ஏன்டா, இத்தனை வருஷமா ஒழுங்காத் தப்புக் காமிச்சிண்டிருந்தது. அதைப் போய் ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கியே!” அதோடு பேச்சு நின்றது. இதில் என் தப்பு என்ன? விற்க வேண்டியது வண்டியை இல்லை அத்திம்பேர், உங்கள் வாய்ப்பாட்டை. டிரேவர் அதை வாங்கிக்கொள்ளட்டும்.

பெருமாள் உங்கள் உடம்பைச் சீராகவும் கோபத்தைக் குறைவாகவும் வைக்கட்டும்.

சரியான முள்ளின் பக்கம் நிற்கும்,
தேஜஸ்

பி.கு.: மாலை 6.10. சமாதானமாக இருக்கட்டுமே என்று அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முள் E-இல் நின்றது. பின்னாலிருந்து “இருக்காடா?” என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. “இருக்கு” என்றேன். கோல்ஸ் பார்க் அருகே நின்றோம். ஒரே கடிதத்தில் உங்கள் வாய்ப்பாட்டை இத்தனை முறை எழுதியிருக்கக் கூடாது, எனக்கும் பழகிவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே தள்ளினாள். இப்போது பேச்சை நிறுத்தமாட்டேன் என்கிறாள். மேலே இரண்டு என்றிருப்பதை மூன்று என்று திருத்திக்கொள்ளவும். நாளை நான் செய்யப்போவது:

1. பழைய ஃப்ளோட்டையே திரும்ப மாட்டுவேன்.
2. முள் F-க்கு வந்ததும், ஓட்டிப் பாருங்கள் என்று டிரேவரிடம் வண்டியைக் கொடுப்பேன்.
3. அவர் நடந்து திரும்பி வந்ததும், சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொள்வேன்.