கக்கூஸ் கதவும் என் கலியாணமும்

தச்சு வேலை தெரியாதவர்களுக்குத்தான் தச்சு ஆயுதங்கள் மிக அழகாகத் தெரியும். தெரிந்தவர்கள் கடைக்குப் போனால் மரம் அறுக்கும் வாள் ஒன்றை எடுத்து, பல்லைத் தடவிப் பார்த்து, வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். என்னைப் போன்றவர்கள் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றுவிடுவோம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தெற்கில் இருந்த அப்பாவின் கடை எரிந்துபோக, நாங்கள் புங்குடுதீவு மடத்துவெளிக்குத் திரும்பி வந்தோம். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் எங்களுக்கு முன்பே கறையான் குடியேறியிருந்தது. எந்தக் கதவைத் தொட்டாலும் கையோடு வந்தது. எங்களைப்போலத் திரும்பி வந்தவர்கள் தீவு முழுக்க இருந்ததால் தச்சு வேலைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வேலை இல்லை. முன்பு ஒருமுறை ரேடியோவைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் இருந்தது (பூட்டிய பிறகு அது பாடவில்லை). அந்தத் துணிவில், மரவேலையை நானே பார்க்கிறேன் என்று அறிவித்தேன்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்றாள் அம்மா.

கடை போன நாளிலிருந்து அப்பா அதிகம் பேசுவதில்லை. அன்று மட்டும், "செய்யட்டும். ஆரெண்டாலும் ஒண்டைத் தொடங்கட்டும்" என்றார்.

யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடையில் நான் தெரிவு செய்தவை: மஞ்சள் கைபிடி போட்ட செதுக்கு உளிகள் ஒரு பெட்டி நிறைய, உள்ளே குமிழி ஓடும் ரசமட்டம், கையடக்கமான பித்தளைச் சீவுளி, ஒரு சுத்தியல். கடைக்காரர் பெட்டியைக் கட்டும்போது, "தங்கச்சி, வாள் வேண்டாமோ? மூலைமட்டம்?" என்று கேட்டார்.

"வாள் வீட்டில இருக்கு. மூலை எனக்குக் கண்ணாலேயே தெரியும்" என்றேன். (வீட்டில் இருந்தது பூவரசங் கிளை வெட்டும் வாள்.)

முதலில் இரண்டு பேர் இருக்க ஒரு வாங்கு செய்தேன். அதில் இருப்பவர் எழும்பும்போது மற்றவரிடம் சொல்லிவிட்டு எழும்பவேண்டும். அடுத்தது, வளவின் பின்பக்கத்தில் இருந்த கக்கூசுக்குக் கதவு. நல்ல கோடை காலம். காய்ந்த வேப்பம் பலகை கிடைத்தது. நிலையோடு ஒரு கடதாசிகூட நுழையாதபடி இறுக்கிப் பொருத்தினேன். நிலையில் பிணைச்சல்களால் மாட்டிய கதவு உட்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒரு கைபிடி. அதில் உளிகளையெல்லாம் பாவித்து ஒரு தாமரைப்பூ செதுக்கியிருந்தேன். அதைத் தைத்தது மட்டும் சின்னச் சின்ன ஆணிகளால்.

பிறகு மாரி வந்தது. மழையில் மரம் ஊறிப் பருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. நாங்கள் அதைப் பட்டும் படாமல் சாத்தப் பழகிக்கொண்டோம்.

அந்த மாரியில்தான் நயினாதீவிலிருந்து என்னைப் பொம்பிளை பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பிப்பவர். கூடவே தாயும் தகப்பனும். தகப்பன் நல்ல ஆகிருதியான மனிதர். இருட்டுமுன் கடலைத் தாண்டவேண்டிய காலம் அது. கடைசி லோஞ்சைப் பிடிக்க வேளைக்கே வெளிக்கிட வேண்டும். அம்மா என் தையலைப் பற்றியும் சமையலைப் பற்றியும் நிறையச் சொன்னாள். தச்சு வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

தேநீர் குடித்துப் புறப்படும் தறுவாயில் மாப்பிள்ளையின் தகப்பன் பின்பக்கம் போனார். புது இடம், பெண்கள் நடமாடுகிற வளவு. மனிதர் கதவுக்குத் தோளைக் கொடுத்து நன்றாகச் சாத்தியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தக் கதவு திறக்குதில்லை."

"கைபிடியைப் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ" என்றார் அப்பா.

உள்ளே படக்கென்று ஒரு சத்தம். பிறகு, "கைபிடி என்ரை கையிலதான் இருக்கு" என்று பதில் வந்தது.

அப்பா வெளியிலிருந்து தள்ளினார். கதவு அசையவில்லை. "பிள்ளைதான் செய்தவள்" என்றார்.

"அப்ப பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

நான் கட்டியிருந்த கூறைநாட்டுச் சேலையோடு ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உளி ஒன்றை இடுக்கில் விட்டுப் பார்த்தேன். கடதாசியே நுழையாத இடத்தில் உளி எப்படி நுழையும்? கைகள் ஏதாவது செய்யவேண்டுமே என்று ரசமட்டத்தைக் கதவில் வைத்தேன். குமிழி சரியாக நடுவில் நின்றது. அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

மாப்பிள்ளை வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஸ்குரூ ட்றைவர் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப பிணைச்சல் திருகாணியளை எப்பிடிப் பூட்டினனீர்?"

"சுத்தியலாலை."

எங்கள் இருவருக்கும் நடந்த முதல் உரையாடல் இதுதான். அவர் சிரிக்கவில்லை. கணக்குப் போடுகிறவர்போல் யோசித்தார். "அது நல்லதாப் போச்சு. பிடிப்பிருக்காது, கழண்டு வரும்" என்றவர், குரலை உயர்த்தி, "அப்பா, பின்சுவரோடை ஒட்டி நில்லுங்கோ" என்றார்.

பிணைச்சல் பக்கமாகத் தோளால் ஒரே இடி. கதவு முழுசாக, பிணைச்சல்களோடு உள்ளே விழுந்தது. அதன்மேல் மாப்பிள்ளை விழுந்தார். தகப்பன் மகனைத் தாண்டி நிதானமாக வெளியே வந்து கைபிடியை என்னிடம் நீட்டினார். "பூ வடிவாத்தான் இருக்கு" என்றார்.

நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். பின்னால் வந்த அப்பா ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். முடியாமல் சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடை எரிந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். எனக்கும் அழுகை நின்றுவிட்டது.

அதற்குள் லோஞ்சு போய்விட்டது. வந்தவர்கள் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். வாசலில் சாக்குத் தொங்கிய கக்கூசுக்கு எல்லோரும் இருமிக்கொண்டே போய் வந்தோம். விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் படலையால் வெளியே போவதைக் கண்ட அயலவர்கள், கலியாணம் எப்போது என்று அம்மாவைக் கேட்டார்கள். போகிற வழியில் மாமியாரும் அதையேதான் சொன்னாராம்: "ஒரு ராத்திரி நிண்டு சாப்பிட்டுட்டம். இனி வேண்டாமெண்டு சொல்ல ஏலாது." தை பிறந்ததும் கலியாணம் நடந்தது. என் கணவரிடம், அப்போது சம்மதமா என்று பின்னாளில் கேட்டபோது, விழுந்து கிடந்தபடி நிமிர்ந்து பார்க்கையில் நான் உளியோடு நின்றதாகவும், மறுக்கத் துணிவு வரவில்லை என்றும் சொன்னார்.

மாமனாருக்கு அதன்பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் கக்கூசுக்குள் நுழையுமுன், "கதவு ஆர் செய்தது?" என்று விசாரிப்பார். தொண்ணூற்றைந்தில் நாங்கள் கனடாவுக்குப் பறந்தபோது விமானத்திலும் கேட்டார். பணிப்பெண்ணிடம் நான்தான் மொழிபெயர்த்தேன். பாவம், அவள் முழிசி, தனக்குத் தெரியாது என்றாள்.

"தெரியாதெண்டால் நான் இறங்கினாப் பிறகு போறன்" என்று சொல்லிவிட்டு மாமா இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டு இருந்தார். காரை வழியில் எங்கேயாவது நிறுத்தி, கக்கூசுக்குப் போகிறாயா என்று கேட்டால், என் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வது மாமாவின் அந்த வசனத்தைத்தான்.