முதலும் முடிவுமான தாய்மாமன்

பத்திரிகையைப் படித்ததும் வெற்றிவேலுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தங்கை ஜெயசுதாவின் பெண் எழில்மதிக்குக் காதுகுத்து. அதில் தம்பி அன்புச்செல்வனுக்குத் ‘தலைமை’ என்று போட்டிருந்தது. மூத்தவன் வெற்றிவேலுக்கு, அதற்குக் கீழே, ‘முன்னிலை’. முன்னிலையாம், பெரிய முன்னிலை! வாசலில் கட்டுகிற வாழைமரம்கூடத்தான் முன்னிலை வகிக்கிறது.

அவன் வீட்டில் பிள்ளை கிடையாது. எழில்மதியை மடியில் உட்காரவைத்துக் காதுகுத்த வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்தே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். தலைமை தம்பிக்குப் போனால் மடியும் தம்பியுடையதுதானே? தங்கை புருஷன் தங்கதுரைக்குப் போன் போட்டான்.

“முன்னிலையும் ஒசத்திதாங்க மச்சான்.”

“அப்ப அத அவனுக்குப் போடு மாப்ள.”

பாவம் தங்கதுரை, இருவருக்குமே ‘தலைமை’ என்று போட்டுப் புதுப் பத்திரிகை அடித்தான். அதுதான் வினையாகப் போயிற்று. கையில் இருந்த தலைமையில் பாதி பறிபோன அன்புச்செல்வன், தியாகதுருகம் கோயில் வாசலில் பேனர் வைத்துவிட்டான். கூலிங் கிளாஸ் போட்ட படம், ‘முதன்மைத் தாய்மாமன்’.

வெற்றிவேல் கள்ளக்குறிச்சிக்கு வண்டியை விரட்டினான். முதன்மையைவிடப் பெரிய வார்த்தை வேண்டும் என்று பேனர் கடை ராசுவிடம் கேட்டான். ராசு யோசித்து, ‘தலையாய தாய்மாமன்’ என்று அடித்துக் கொடுத்தான். மறுநாளே தம்பியின் பேனர் மாறியது, ‘ஒரே தாய்மாமன்’.

அடப்பாவி, குத்துக்கல்லாட்டம் அண்ணன் இருக்கும்போதே! வெற்றிவேலுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ‘முதலும் முடிவுமான தாய்மாமன்’ என்று, தம்பி படத்தை மறைக்கிற உயரத்தில் வைத்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

மனைவி நிர்மலா ஏதோ சொல்ல வந்தாள். அவன் விடவில்லை.

“இது மாமங்காரனுங்க வெவகாரம். நீ தட்ட எடுத்துக்கினு வா, போதும்.”

விழாவன்று இரண்டு சீர்வரிசையும் மேளத்தோடு கோயில் வாசலில் ஒரே நேரத்தில் வந்து முட்டின. யார் சீர் முதலில் உள்ளே போவது? சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன தங்கதுரையின் வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம். ஆசாரியும் பிள்ளையும் உள்ளே காத்திருக்க, நல்ல நேரம் போகிறதே என்று ஜெயசுதா அழுதாள். நிர்மலா வளையல் தட்டோடு ஓரமாக உள்ளே போய்விட்டாள்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தங்கதுரை ஒரு வழி சொன்னான். ஒரு காது பெரிய மச்சான் மடியில், இன்னொரு காது சின்ன மச்சான் மடியில். நல்ல யோசனை என்று ஊரே ஒத்துக்கொண்டது. எந்தக் காது யாருக்கு என்று கேட்டதுதான் தாமதம், மறுபடியும் சண்டை பிடித்துக்கொண்டது. வலது காதுதான் முக்கியம் என்றான் வெற்றிவேல். பெண்பிள்ளைக்கு இடதுதான் பிரதானம் என்றான் தம்பி. அப்படியானால் இடது எனக்கு என்றான் வெற்றிவேல்.

அடித்துப் பிடித்துக்கொண்டு இருவரும் உள்ளே ஓடினால், காதுகுத்த வந்த ஆசாரி பையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா ஆசாரி, கெளம்பிட்ட?”

“ரெண்டு காதும் குத்தியாச்சுங்க. பாப்பா ஒரு சொட்டு அழுவல.”

“யாரு மடியில?” அண்ணனும் தம்பியும் முதல்முறையாக ஒரே குரலில் கேட்டார்கள்.

ஆசாரி தூணோரம் கையைக் காட்டினார். எழில்மதி அங்கே நிர்மலாவின் மடியில் உட்கார்ந்து புதுக் கம்மலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா மடியிலதாங்க. நீங்க யாரும்மான்னு கேட்டேன். ‘வெளிய இருக்கிற பேனரு எதுலயும் இல்லாத ஆளு’ன்னாங்க.”